புன்னமி அண்ணன்

ஒரே ஒரு நாளைத் தவிர, அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கோபப்பட அவருக்கு அனுமதி இல்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

நாமெல்லாம் எப்போதாவது கத்துவோம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவோம், கதவை ஓங்கிச் சாத்துவோம். நான் வாரத்துக்கு இரண்டு தரம் சாத்துகிற ரகம், என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் கூட்டிச் சொல்வார். ஆனால் இந்த மனுஷர், பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்துவிட்டு இவரையே முறைத்தாலும், "பரவால்லப்பா, போ" என்பார். குரலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் போதும், எதிரே நிற்கிற ஆள் இவர் என்ன சொல்கிறார் என்று கேட்க மாட்டான். அண்ணாந்து நிலா எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்ப்பான். பகலாக இருந்தால் பக்கத்து ஆளைக் கேட்பான்.

சித்தூரில் எங்கள் சர்ச் தெரு முனையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கோடை வந்துவிட்டால் குடிபாலா பக்கத்து விவசாயிகள் எரிந்துபோன போர் மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வருவார்கள். பயிர் காய்கிறதே என்று பறந்தடித்துக்கொண்டு வந்தவர்கள்கூட அன்றைக்குப் பௌர்ணமி என்று யாராவது சொல்லிவிட்டால் கடைவாசலிலேயே நின்றுவிடுவார்கள். "ஈரோஜு புன்னமி கதா அண்ணா, ரேப்பு ஒஸ்தானு" என்று தெலுங்கில் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு மோட்டாரோடு திரும்பிப் போவார்கள். தெலுங்கில் பௌர்ணமிக்குப் புன்னமி என்று பெயர். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டரே மறந்திருப்பார். எனக்கும் அவர் புன்னமி அண்ணன்தான்.

இத்தனைக்கும் நடந்தது ஒரே ஒரு சம்பவம். நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் தோட்டத்தில் காய்த்தது, வளர்த்த கோழி, முட்டை, வீட்டில் சுட்ட கேக் எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். சாயங்காலம் அவற்றை ஏலம் விடுவார்கள். ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்கிற பொருளை இன்னொருவர் வேண்டுமென்றே ஏற்றிக் கேட்பதுதான் அதில் வேடிக்கை. சபைக்கும் வருமானம், எல்லோருக்கும் சிரிப்பு.

அந்த வருடம் அவருடைய அம்மா ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்தக் கொடிக்கு விதை போட்டவள் இவருடைய மனைவி. கல்யாணமாகி வருடம் திரும்புவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் போன பிறகு அந்தக் கொடியில் காய்த்த முதல் காய் அது. முதல் பலன் ஆண்டவருக்கு என்று அந்த அம்மா மகனிடம் சொல்லாமலே பறித்துவந்துவிட்டார்.

ஏலத்தில் காயைப் பார்த்ததும் இவர் கேட்டார். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்துக்கொண்டே ஏற்றிக் கேட்டான். இவர் மறுபடி கேட்டார், அவன் மறுபடி ஏற்றினான். "வுடாதே, வுடாதே" என்று கூட்டம் கைதட்டியது. இவர் முகம் போன போக்கை யாரும் பார்க்கவில்லை. திடீரென்று மேஜையைக் கவிழ்த்துவிட்டார். முட்டையெல்லாம் தரையில். கோழிகள் நாலு பக்கமும் ஓடின. அந்தப் பையன் சட்டையைப் பிடித்து ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு பூசணிக்காயை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அந்த நேரம் பார்த்தா மலைக்கு மேலே நிலா முழுசாக ஏறிவர வேண்டும்! "ஐயையோ, இன்னிக்கி பௌர்ணமி" என்று யாரோ ஒரு அம்மா சொன்னார். அவ்வளவுதான். பெண்டாட்டியைப் புதைத்து இரண்டு மாதம்கூட ஆகாத மனுஷர் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சந்திரரோகி என்று பைபிளில் பழைய சொல் ஒன்று உண்டு, நிலாவால் புத்தி பிசகுகிறவன் என்று அர்த்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது அவர்மேல் ஒட்டிக்கொண்டது. நாங்கள் ராகுகாலம் பார்க்காதவர்கள், நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறவர்கள். ஆனால் இவர் ஒருவருக்காக மட்டும் மாதாமாதம் பௌர்ணமி என்றைக்கு என்று அதே பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுவருவோம். நல்ல விசுவாசம் போங்கள்!

அன்றைக்கு அறை வாங்கிய பையன் படித்து, வேலை பார்த்து, பின்னால் சபைக்குச் செயலாளர் ஆனான். இனி மரியாதையாகச் செயலாளர் என்றே சொல்கிறேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். நிலா விஷயத்தில் மட்டும் அவர் ஒரே பிடி. "சிஸ்டர், நிலா அத்தாம் பெரிய கடலையே இழுக்குது. நம்ம உடம்புல முக்காவாசி தண்ணிதானே? இழுக்காம வுடுமா?" என்பார். "அப்போ உங்க வூட்டு மாடி டேங்க்ல அலை அடிக்கணுமே, அடிக்குதா?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். அங்கேயும் இந்தப் பேச்சு உண்டு. பௌர்ணமி வந்தால் கேஷுவாலிட்டியில் கூட்டம் அள்ளும். "புன்னமி வேலையைக் காட்டுது பார்" என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள். அடப்பாவிகளா, பௌர்ணமி அன்று மலையில் கருட சேவை. எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனம் வந்து இறங்குகிறது. படியேறி மயங்கி விழுகிறவர்கள், கூட்டத்தில் மிதிபட்டவர்கள், மாத்திரையை ஊரிலேயே மறந்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். கூட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. அதற்காக நிலாவுக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்யவும் நான் தயாரில்லை. தூக்கம் கெட்டால் மனசு கெடும், அது எனக்குத் தெரியும். மற்றது பெரிய படிப்பு படித்தவர்கள் பார்க்க வேண்டிய சங்கதி.

பௌர்ணமி வந்தால் அவர் கடையைத் திறந்தே வைப்பார். மூடினால் அதற்கும் ஒரு கதை கட்டிவிடுவார்களே! காலையில் வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். இரண்டு கையும் மேஜைமேல் இருக்கும். போகிறவர் வருகிறவர் கண்ணுக்கு அந்தக் கைகள் தெரிய வேண்டும். கத்தரிக்கோல், சுத்தியல் எதுவும் பக்கத்தில் இருக்காது. ஒரு பௌர்ணமியில் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி. என்னிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள்தான் வந்து மாத்திரை கேட்டார்.

"நேத்தே கேக்கறதுக்கு இன்னாண்ணா?" என்றேன்.

"நேத்து கன்னத்தைப் புடிச்சிக்கினு தெருவுல வந்திருந்தா இன்னா சொல்லுவாங்கன்னு ஒனக்கே தெரியாதா, தங்கச்சி?"

அப்படியே ஒரு பழக்கமாகிவிட்டது அது. வலித்தால் பொறுத்துக்கொள்வார், தலை சுற்றினால் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பும் பல் தெரியாத சிரிப்பு. இரண்டாம் கல்யாணத்துக்கு ஏர்பேடு பக்கத்தில் ஒரு பெண் பார்த்தார்கள். எல்லாம் கூடிவந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பெண்ணின் அப்பா காதில் போட்டுவிட்டான். சம்பந்தம் கலைந்தது. நான் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு ஃபேனைத் துடைத்துக்கொண்டே, "வுடும்மா. அந்தப் பொண்ணு மாசாமாசம் பயந்துக்கினு ஒக்காந்திருக்கணும். அது எதுக்கு?" என்றார்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "உண்மையைச் சொல்லுங்கண்ணா. அன்னிக்கி உங்களுக்கு ஏதாச்சும் ஆகுதா?"

கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். "ஆகுதும்மா" என்றார். "காத்தால எழுந்ததிலிருந்து ஊரே பாத்துக்கினு இருக்குது இல்ல? கையை எங்க வெக்கறது, எப்டி நடக்கறதுன்னு மறந்துபூடுது. சாயங்காலம் ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. அது நிலாவா, நீங்களான்னு எனக்கே தெரியல."

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் சர்ச்சில் மத்தியானம் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். ஒரு வருடமாவது அதில் ஒரு வார்த்தை தனக்குக் கிடைக்க வேண்டும். ஏறி நின்று, பத்து நிமிஷம் நிதானமாகப் பேசிவிட்டு இறங்க வேண்டும். "எல்லாரும் பாப்பாங்க இல்ல? அப்புறம் அந்தப் பூசணிக்காயை மறந்துடுவாங்க" என்பார். வேறு எதுவும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

ஆனால் பெரிய வெள்ளி எந்த வருடமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். பண்டிகைக் கணக்கே அப்படி. ஒவ்வொரு வருடமும் செயலாளர் அதையே சொல்வார். "நாள் அப்பிடி வுழுதுண்ணா, நாங்க இன்னா பண்றது? கிறிஸ்மஸ்ல பேசுங்களேன்." கிறிஸ்மஸில் சின்னப் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். இவருக்கு அங்கே சீரியல் லைட் கட்டுகிற வேலைதான்.

பிறகு எங்களுக்கு ஒரு இளம் பாஸ்டர் வந்தார். வேலூர்க்காரர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "இவருக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?" என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். செயலாளரால் மறுக்க முடியவில்லை. "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்கிற ஏழாவது வார்த்தையைக் கொடுத்தார்கள். ஏதாவது ஆனாலும் ஆராதனை முடிகிற நேரம், பெரிய கலாட்டா ஆகாது என்பது செயலாளர் கணக்கு. இவருக்கு அதெல்லாம் பெரிதில்லை. "கடைசி வார்த்தைம்மா! எல்லாரும் அதைத்தான் காதுல வாங்கிக்கினு வூட்டுக்குப் போவாங்க" என்றார். அன்றைக்குத்தான் அவர் பல்வரிசையை நான் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே வெயில் கொளுத்தியது. சர்ச்சில் கூட்டம் சேர்கிற நேரத்தில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. லீவு நாளில் வேறு யார் வருவார்கள்? இவர்தான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். நிழலே இல்லாத இடம். ஆராதனை தொடங்குகிற வரைக்கும் அங்கேயே குந்தி உட்கார்ந்து வேலை பார்த்தார். அன்றைக்கு எங்களுக்கு உபவாசம். ஆராதனை முடிந்துதான் கஞ்சி. நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோனேன்.

"குடிங்கண்ணா. ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாரு."

"இன்னிக்கின்னு குடிப்பனா? முடிச்சிட்டுக் குடிக்கறேம்மா, போ" என்றார். குழாயில் தண்ணீர் வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, புது வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நான் பாடகர் குழுவில் எதிர்ப்பக்கம். நடுவில் ஒரு தரம் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. என்ன என்று கையால் கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிச் சிரித்தார். தலை சுற்றுகிறது என்று அந்த நாளில், அந்த இடத்தில் சொல்ல அவருக்கு எப்படி வாய் வரும்? முந்தாநாள்தான் பௌர்ணமி.

அவர் முறை வந்தது. ஏறி நின்றார். பிள்ளைகளைத் தாய்மார்கள் மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். செயலாளர் ஏற்பாட்டில் இரண்டு வாலிபர்கள் படிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அதையும் அவர் பார்த்தார், பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நன்றாகப் பேசினார், சத்தியமாகச் சொல்கிறேன்.

"ஒருத்தர் கையில ஒண்ணைக் குடுக்கறோம்னா அவரை நம்பறோம்னு அர்த்தம். என் கடைக்கு மோட்டார் கொண்டாறாங்க. அங்க பயிர் காஞ்சிக்கினு இருக்குது. அப்பவும் என் கையில குடுத்துட்டுப் போய் நிம்மதியாத் தூங்கறாங்க. அந்த மாதிரி ஆண்டவரு தன் உயிரைத் தூக்கிப் பிதா கையில குடுத்துட்டாரு."

சர்ச்சே அடங்கிப்போய்க் கேட்டது. ஒரு ஐந்து நிமிஷம் அவர் எல்லோரையும் போல ஒரு மனுஷராக அங்கே நின்றார்.

பிறகு அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். மறுபடியும் அதையே. நாக்கு குழறியது, பாதி தெலுங்கு, பாதி தமிழ், எதுவும் புரியவில்லை. சட்டைப் பொத்தானைப் பிய்த்தார். மைக் விழுந்தது. தாங்கப்போன வாலிபனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஏதோ கத்தினார். "ஆரம்பிச்சிடுச்சி!" என்று ஒரு குரல். அதற்காகவே காத்திருந்த மாதிரி ஆறேழு பேர் பாய்ந்து அமுக்கினார்கள். பாஸ்டர் அங்கி மாட்டுகிற சின்ன அறைக்குள் தூக்கிப்போனார்கள்.

நான் ஓடிப்போய் வழியிலேயே அவர் கையைத் தொட்டேன். தோசைக்கல்லாகக் கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"வெயில் அடிச்சிருக்குது! வுடுங்க அவரை! தலையில தண்ணி ஊத்துங்க, ஐஸ் கொண்டாங்க!" என்று கத்தினேன்.

"சிஸ்டர், நீங்க பெண்பிள்ளை, ஒதுங்குங்க. முந்தாநாள் பௌர்ணமி, உங்களுக்குத் தெரியாததா?" என்றார் செயலாளர். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ஜன்னல் சாத்திய அறை, மேலே தகரக் கூரை. உள்ளே அத்தனை பேர் அவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபம் பண்ணினார்கள். வாளித் தண்ணீரோடு நான் கதவை இடிக்கிறேன். யாருக்குக் காதில் விழுகிறது? சர்ச்சுக்குள் கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பாட்டின் நடுவிலேயே பாஸ்டரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவர் அதட்டிய பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது. புன்னமி அண்ணன் அடங்கிக் கிடந்தார். "ஜெபத்துல அமைதி ஆயிட்டாரு" என்றார் ஒருவர். நான் அவர் இமையைத் தூக்கிப் பார்த்தேன், நினைவே இல்லை. அமைதியாமே!

வாளித் தண்ணீரை அவர்மேல் ஊற்றி, காரில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் பறந்தோம். வழியெல்லாம் புடவை முந்தானையை நனைத்து நனைத்து உடம்பெல்லாம் ஒற்றினேன். "அண்ணா, நல்லாப் பேசினீங்கண்ணா, எல்லாரும் கேட்டாங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். குடிபாலா தாண்டினோம். தமிழ்நாட்டு எல்லை வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, "வெயில்தாம்மா. விழுந்த உடனே குளிர வச்சிருந்தா பொழைக்க வச்சிருக்கலாம்" என்றார். ஊருக்குத் திரும்புவதற்குள் சபையின் வாட்ஸப்பில் சேதி போய்விட்டிருந்தது. புன்னமியில் உக்கிரம் வந்து இறந்துபோனார் என்று.

மறுநாள் மத்தியானம் அடக்கம். முந்தின நாள் வெயிலுக்குக் கொஞ்சமும் குறையாத வெயில். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக ஒரே ஒரு வேப்பமரம். செயலாளர் விடியற்காலையிலிருந்து குழி வெட்ட ஆள், பெட்டி, வண்டி என்று அலைந்திருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பெட்டியைக் குழியோரம் இறக்கிவைத்துப் பாஸ்டர் ஜெபம் தொடங்கினார். முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்த செயலாளர் லேசாக ஆடினார். ஏதோ உளறினார். அப்படியே பக்கத்து ஆள்மேல் சரிந்தார்.

எத்தனை கைகள் வந்தன! "வெயிலு, வெயிலு! நகருங்க, காத்து வுடுங்க!" கோட்டைக் கழற்றினார்கள். வேப்பமரத்து நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் பாட்டில்கள் நீண்டன, ஈரத்துணி நெற்றிக்கு வந்தது, பாட்டுப் புத்தகத்தால் விசிறினார்கள். "பாவம், காத்தாலேருந்து ஒண்ணும் துன்னாம அலைஞ்சிக்கினு இருந்தாரு" என்று ஒரு அம்மா அழுதார். "சிஸ்டர், இங்க வாங்க, சீக்கிரம்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அது என் வேலை. நாடி பிடித்துப் பார்த்தேன். கை வேர்த்துச் சில்லென்று இருந்தது. பயமில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். "இன்னா ஆச்சு எனக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. வெயில்தான். தண்ணி குடிங்க" என்றேன். பாட்டிலை அவர் வாயில் வைத்தேன்.

அவர் மடக்கு மடக்காகக் குடித்தார். சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். நான் எழுந்து திரும்பிப் பார்த்தேன். சபை முழுக்க நிழலுக்கு வந்துவிட்டிருந்தது. குழியோரத்தில் பெட்டி மட்டும் வெயிலில் இருந்தது.